உங்கள் போனில் உள்ளவர்கள் உங்கள் கடனுக்குப் பிணையாளிகள் அல்ல

கேள்வி:

புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டில் வைத்துத் தையல் செய்கிறேன். ஓவர்லொக் மெசின் வாங்க 60,000 ரூபா குறைந்தது. பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து ஒரு கடன் செயலியில் விண்ணப்பித்தேன். ஐந்து நிமிடத்தில் ‘தகுதி இல்லை’ என்று வந்தது. காரணம் சொல்லவில்லை. பிறகு வட்ஸ்அப்பில் வந்த லிங்கை அழுத்தி இன்னொன்றை இறக்கினேன். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், அதைக் கையில் பிடித்தபடி என் முகமும் படம் எடுத்துக் கேட்டார்கள். தொடர்பு இலக்கங்கள், குறுஞ்செய்தி, இருப்பிடம், போனில் உள்ள படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. கொடுத்தேன். 20,000 என்று சொல்லி 16,000 தான் கணக்கில் விழுந்தது. 30 நாளில் 20,800 கட்ட வேண்டும். இன்னும் 11 நாள் இருக்கிறது. நேற்று ஒருவர் எடுத்து, “உங்கட மாமின்ர நம்பரும் எங்களிட்ட இருக்கு” என்றார். முதல் கம்பனிக்கு எடுத்து ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டதற்கு, “உங்கட நடத்தையை வைச்சு சிஸ்டம்தான் முடிவு எடுக்குது” என்றார்கள். நான் இதுவரை ஒருத்தருடைய காசையும் கொடுக்காமல் விட்டதில்லை. என் நடத்தையில் என்ன பிழை? இனி என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நடத்தையில் என்ன பிழை என்ற கேள்விதான் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அதற்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன். ஆனால் நாள் ஓடுகிறபடியால் முதலில் காசை ஒழுங்கு செய்வோம்.

உங்கள் கைக்கு வந்தது 16,000. கேட்பது 20,800. சேவைக் கட்டணம் என்று முன்கூட்டியே வெட்டிய 4,000 ரூபாவையும் சேர்த்துத்தான் கடனின் விலையைப் பார்க்க வேண்டும். 16,000 ரூபாவுக்கு 30 நாளில் 4,800 என்றால் மாதத்துக்கு 30 வீதம், ஆண்டுக்கு 365 வீதம். நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2018 டிசெம்பரில் இலங்கை மத்திய வங்கி தன் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டு வட்டி 35 வீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தது. அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு விதித்த எல்லையை நீங்கள் ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே கட்டப் போகிறீர்கள்.

இதை முடித்துவிடுங்கள். தோடோ சங்கிலியோ இருந்தால் வங்கியில் அடைவு வைத்தாவது தவணைக்குள் கட்டுங்கள். இன்னொரு செயலியில் எடுத்து இதைக் கட்ட வேண்டாம். நுண்கடனிலும் பலர் விழுந்தது இரண்டாவது கடனில்தான். “முழுக்காசும் இல்லாட்டி 4,800ஐ மட்டும் கட்டுங்கோ, ஒரு மாதம் தள்ளிவிடுறம்” என்று கேட்கக் கூடும். அப்படிக் கட்டினால் அடுத்த மாதமும் முதல் குறையாமல் அப்படியே நிற்கும். ஒப்பந்தத்தில் உள்ள கம்பனிக் கணக்குக்கு மட்டுமே கட்டுங்கள். போனில் பேசுகிறவர் தன் சொந்தக் கணக்கு இலக்கத்தைத் தந்தால் ஒரு சதமும் போட வேண்டாம். கட்டி முடித்ததும் கடன் தீர்ந்தது என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்று இரவே போனில் ஒரு வேலை செய்ய வேண்டும். செயலியில் உள்ள ஒப்பந்தப் பக்கம், கடன் தொகை, தவணைத் திகதி எல்லாவற்றையும் ஸ்கிறீன்சொட் எடுத்து வேறொருவரின் போனுக்கு அனுப்பி வையுங்கள். அதன் பிறகு செற்றிங்கில் போய் அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதிகளை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். கடன் தீர்ந்த கையோடு செயலியை அழிக்கலாம். அழித்தாலும் ஏற்கெனவே அவர்களுடைய சேர்வருக்குப் போனது திரும்பி வராது. அதனால்தான் அடுத்த காரியம் இன்னும் முக்கியம்.

உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இப்படி எழுதினால் போதும்: “என்ர போனில் இருந்த நம்பர்களை ஒரு கடன் கம்பனி எடுத்திருக்கு. என்னைப் பற்றி யாரும் எடுத்தால் பதில் சொல்ல வேண்டாம், காசு போட வேண்டாம். ஏதும் மெசேஜ் வந்தால் அழிக்காமல் எனக்கு அனுப்புங்கோ.” மாமிக்கு மட்டும் இதை மெசேஜில் அனுப்பாமல் நேரே போய்ச் சொல்லுங்கள். உங்களுக்கு எடுத்தவருடைய பலம் முழுவதும் மாமிக்கு இன்னும் தெரியாது என்பதில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன அன்றே அது போய்விடும். ஒரு பேச்சு வாங்கினாலும் பரவாயில்லை.

இனி உங்கள் நடத்தைக்கு வருகிறேன்.

நான் வங்கியில் கடன் விண்ணப்பங்களை மதிப்பிட்ட காலத்தில் மேசைக்கு வருபவை சம்பளப் பட்டியல், வங்கிக் கூற்று, காணி உறுதி, இரண்டு பிணையாளிகள், கிரிப் அறிக்கை. கிரிப் என்று எல்லோரும் சொல்வது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கடன் தகவல் பணியகத்தை. நீங்கள் எந்த வங்கியில், எந்த நிதிக் கம்பனியில் கடன் எடுத்தீர்கள், ஒழுங்காகக் கட்டினீர்களா, யாருக்குப் பிணை நின்றீர்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். வன்னியில் சம்பளப் பட்டியல் இல்லாதவர்கள்தான் அதிகம். பல இடம்பெயர்வுகளுக்குப் பிறகு காணிக்கு அனுமதிப்பத்திரம் மட்டும் வைத்திருக்கிறவர்கள், அதுவும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இவர்களை மதிப்பிட வங்கியிடம் ஒன்றும் இருப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் செயலிகள் வந்து உட்கார்ந்தன. கடிதாசி இல்லையா, போன் இருக்கிறதுதானே, அதைத் தாருங்கள் என்றன.

போனில் அப்படி என்ன பார்க்கிறார்கள்? நிறையப் பார்க்க முடியும். என்ன மாதிரிப் போன், எவ்வளவுக்கு ஒருமுறை ரீலோட் பண்ணுகிறீர்கள், சிம் எத்தனை வருடப் பழையது, வங்கியிலிருந்து என்ன குறுஞ்செய்தி வருகிறது, வேறு எத்தனை கடன் செயலி வைத்திருக்கிறீர்கள், விண்ணப்பத்தை எத்தனை மணிக்கு நிரப்பினீர்கள், இரவில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று பட்டியல் நீளும். கென்யா போன்ற நாடுகளில் குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் வைத்துக் கடன் கொடுக்கும் வழக்கம் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறது. ஜேர்மனியில் ஓர் இணையக் கடையின் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்வனவுகளை எடுத்து ஆய்வு செய்தார்கள். போன் வகை, மின்னஞ்சல் முகவரியில் சொந்தப் பெயர் இருக்கிறதா, பெயரைச் சிறிய எழுத்திலேயே தட்டினாரா, நடுச்சாமத்தில் வாங்கினாரா என்று வெறும் 10 அடையாளங்களை வைத்துப் பார்த்ததில், யார் காசு கட்டாமல் விடுவார்கள் என்பதைக் கடன் பணியகத்தின் புள்ளி சொல்லும் அளவுக்கு அவையும் சொல்லின. ஆகவே இது வெறும் கப்சா இல்லை. கூட்டமாக எடுத்துப் பார்த்தால் கணக்கு வேலை செய்கிறது.

ஆனால் அது அந்தக் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தமிழில் பெயர் எழுதுகிற ஒருத்திக்குப் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. எங்கோ மாதச் சம்பளக்காரர்களை வைத்துப் பழக்கிய கணக்கைக் கொண்டுவந்து உங்கள் போனில் வைத்தால் அது என்னத்தைக் காணும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடர்பு இலக்கங்களை முழுப்பெயரோடு சேமித்து வைத்திருப்பவர் ஒழுங்காகக் கட்டுவார் என்பது இந்தத் துறையில் வெளிப்படையாகவே சொல்லப்பட்ட ஒரு கணிப்பு. எங்கள் போன்களைத் திறந்தால் ‘மாமி’, ‘சீட்டு அக்கா’, ‘ஓட்டோ தம்பி’, ‘நூல் கடை’, ‘கனடா சித்தப்பா புது’ என்றுதான் கிடக்கும். வீட்டில் இரண்டு பேர் ஒரு போனைப் பாவிப்பார்கள். சிம் தம்பியின் பெயரில் இருக்கும். அடையாள அட்டையில் உள்ள விலாசம் ஒன்று, இப்போது இருக்கிற இடம் இன்னொன்று. காசு வருகிற விதமும் அப்படித்தான். பெரும்போக நெல் வெட்டி மாசி, பங்குனியில் கைக்குக் காசு வந்தால் ஊரெல்லாம் துணி தைக்கும். பள்ளிக்கூடம் தொடங்க முதல் யூனிபோம் ஓடர் குவியும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய கிழமை இரவிரவாக மெசின் ஓடும். அதற்குப் பிறகு ஒரு மாதம் ரவிக்கை இரண்டு வந்தால் பெரிய காரியம். அந்த மாதத்தில் 50 ரூபாவுக்கு ரீலோட் போட்டிருப்பீர்கள். பிள்ளைகள் படுத்த பிறகு 11 மணிக்கு இருந்து விண்ணப்பத்தை நிரப்பியிருப்பீர்கள்.

உங்களைத் தெரிந்த ஒருவர் இதைப் பார்த்தால் பருவத்துக்கு உழைக்கிற, வீட்டு வேலை முடித்துவிட்டு மிச்ச அலுவலைப் பார்க்கிற ஒரு மனுசி என்று விளங்கிக்கொள்வார். கணக்குக்கு அது நிலையில்லாத வருமானம், பொருந்தாத விலாசம், சாமத்து விண்ணப்பம். இவற்றில் எந்த ஒன்றுக்காக அந்தக் கம்பனி உங்களை மறுத்தது என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. அவர்களும் சொல்லவில்லை. எனக்கு இதில்தான் கோபம். வங்கியில் நாங்கள் மறுத்தால், “உங்கட கணக்கில ஆறு மாதமாகக் காசு போடேல்லை” என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர் போய் அதைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். காரணம் சொல்லாத மறுப்பில் திருத்த ஒன்றும் இல்லை. ஆகவே அதை உங்கள் நேர்மையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கொடுக்கல் வாங்கலில் சுத்தமான ஆள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

புதுவகைத் தகவலை வைத்துக் கடன் கொடுப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று வருடம் தவறாமல் கட்டிய மின்சாரப் பட்டியல், சங்கத்தில் சேமித்த புத்தகம், நீங்கள் சம்மதித்துக் காட்டுகிற வங்கிக் கூற்று ஆகியவற்றை வைத்துக் காணி உறுதி இல்லாத ஒருத்திக்குக் கடன் கொடுத்தால் நான் மனதார வரவேற்பேன். ஒவ்வொரு தகவலையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது நான் கட்டுவேனா என்று காட்டுகிறதா, அல்லது நான் கட்டாவிட்டால் யார் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்கலாம் என்று காட்டுகிறதா? வங்கிக் கூற்று முதல் வகை. போனில் உள்ள படங்களும் மாமியின் இலக்கமும் இரண்டாம் வகை. உங்களை மதிப்பிட என்று சொல்லி எடுத்த பட்டியலைத்தான் நேற்று உங்களைப் பயமுறுத்தப் பாவித்திருக்கிறார்கள்.

இது எங்களுக்குப் புதிய முறையும் இல்லை. போருக்குப் பிறகு நுண்கடன் வந்தபோது ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி ஒருத்திக்கு மற்றவளைப் பிணை வைத்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கூட்டத்தை விட்டு எழும்ப முடியாது. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர், வட்டி 220 வீதம் வரை போனதையும், அறவிட வருபவர்கள் பெண்களிடம் நடந்துகொண்ட கேவலமான விதத்தையும் பகிரங்கமாகச் சொன்னார். அதே ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டிய நிலை வந்தது. அந்தக் குழுப் பெண்களாவது தாங்கள் பிணை என்று தெரிந்து கையெழுத்து வைத்தவர்கள். உங்கள் பட்டியலில் உள்ள நூல் கடைக்காரரும் பிள்ளையின் ரீச்சரும் எதற்கும் கையெழுத்து வைக்கவில்லை. அவர்களுடைய இலக்கத்தைக் கொடுக்கிற உரிமை உங்களுக்கும் இல்லை என்பதை அடுத்த முறை அனுமதி கேட்கும்போது நினைவில் வைத்திருங்கள்.

மற்ற இடங்களில் இதைத் தடுத்திருக்கிறார்கள். கடன் செயலிகள் போனிலுள்ள தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்களைத் தொடக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2022 செப்டெம்பரில் வழிகாட்டல் போட்டது. தனிநபர் கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் எடுக்க முடியாது என்று கூகுள் 2023 மே முடிவிலிருந்து தன் பிளே ஸ்ரோரில் விதி வைத்திருக்கிறது. முழுக் கடனையும் 60 நாளுக்குள் திருப்பிக் கேட்கும் செயலிகளுக்கும் அங்கே இடமில்லை. நீங்கள் இறக்கிய செயலி இந்த இரண்டு விதியையும் மீறுகிறது. அது ஸ்ரோர் வழியாக வராமல் வட்ஸ்அப் லிங்கில் வந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இனிமேல் லிங்கில் வருகிற கடன் செயலி எதையும் இறக்க வேண்டாம்.

எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்கு எடுத்த தகவலை அதற்குப் பொருந்தாத வேறு நோக்கத்துக்குப் பாவிக்கக் கூடாது, தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தவும், மனிதர் தலையிடாமல் இயந்திரம் மட்டும் எடுத்த முடிவை மீளப் பார்க்கச் சொல்லவும் அதில் உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. சட்டம் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. ஆகவே எழுதுமுன் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே காசு வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள். எப்படியானாலும் இரண்டு கம்பனிக்கும் ஒவ்வொரு கடிதம் போகட்டும். முதலாவதிடம் மறுத்த காரணத்தையும், இரண்டாவதிடம் எடுத்த தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் அழித்ததற்கு எழுத்து உறுதியையும் கேளுங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பனியாகப் பதிந்திருப்பது வேறு, மத்திய வங்கியின் அனுமதி பெற்றிருப்பது வேறு. விளம்பரத்தில் பதிவு இலக்கம் போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் நம்பிவிடுகிறார்கள். அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பெயர்ப்பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள நிறுவனம் என்றால் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இல் முறையிடலாம். இல்லாத நிறுவனத்தின் மீது மத்திய வங்கியின் கை அவ்வளவு எட்டாது. அதனால் மிரட்டல் வந்தால் நீங்கள் நேரே பொலிசுக்குப் போக வேண்டியிருக்கும். மிரட்டுவது குற்றம்தான். கடன்பட்டிருப்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லாமல் போகாது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள், தமிழிலேயே பதியச் சொல்லுங்கள். எடுத்த இலக்கம், திகதி, நேரம், சொன்ன வார்த்தை நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். உங்கள் படத்தை வெட்டி ஒட்டி அனுப்பினால், இணையக் குற்ற முறைப்பாடுகளைப் பார்க்கும் அரச கணினி அவசர உதவிக் குழுவான இலங்கை சேர்ட்டுக்கு 101 இல் அறிவியுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 ஐயும் போனில் சேமித்து வையுங்கள்.

அடையாள அட்டைப் படமும் முகப் படமும் அவர்களிடம் போய்விட்டன. உங்கள் பெயரில் வேறு கடன் கிளம்பாமல் இருக்கிறதா என்று பார்க்க உங்கள் கிரிப் அறிக்கையை எடுங்கள். தன் அறிக்கையை எவரும் கேட்டுப் பெறலாம். அதில் நீங்கள் எடுக்காத கடன் இருந்தாலோ, எப்போதோ யாருக்கோ லீசிங்குக்குப் பிணை நின்றது நிலுவையில் கிடந்தாலோ, அதைப் பதிந்த நிறுவனத்தின் மூலம் திருத்தச் சொல்லலாம். கிரிப்பில் உறுப்பினராக இல்லாத கம்பனிக்கு நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அந்த நல்ல பெயர் அங்கே பதியாது. “கட்டிக் கட்டிப் பெயர் எடுத்தால் பெரிய கடன் தருவோம்” என்பது அவர்களிடம் மட்டும் செல்லுபடியாகும் பெயர்.

ஓவர்லொக் மெசின் வேண்டியதுதான். அது இருந்தால் யூனிபோம் ஓடரை வெளியே கொடுக்காமல் நீங்களே முடிக்கலாம். அதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும். ஒரு கொப்பியில் ஓடரை எழுதத் தொடங்குங்கள்: திகதி, யார், என்ன உடுப்பு, கூலி, கையில் வந்த காசு. கிழமைக்கு ஒருமுறை, 1,000 ரூபா என்றாலும், உங்கள் சொந்தப் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். ஆறு மாதம் போனதும் அந்தக் கொப்பி, வங்கிப் புத்தகம், கிரிப் அறிக்கை, மெசின் கடையின் விலைமனு நான்கையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்கோ அரச வங்கிக் கிளைக்கோ போங்கள். சமுர்த்தி வங்கியில் உறுப்பினர் என்றால் அங்கேயும் கேளுங்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரமும், மாசி பங்குனியும், வைகாசியும் உங்களுக்குக் காசு வருகிற காலம் என்று அலுவலருக்குக் கொப்பியைத் திறந்து காட்டி, தவணையை அதற்கேற்றபடி போட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலை எனக்கு அனுப்பினால் அடுத்து எங்கே, எப்படிக் கேட்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.